கட்டளையின் இலக்கணம்: ஆங்கிலக் கடப்பாட்டு வினைத்தொடர்கள் பற்றிச் சில குறிப்புகள்

ஆங்கிலத்தை வகுப்பறையிற் கற்ற நம்மிற் பெரும்பாலோர்க்கு 'மஸ்ற்', 'ஹாவ் ரு', 'ஷுட்', 'ஓற் ரு', 'நீட் ரு' ஆகிய ஐந்தும் ஒரே தமிழ்ச் சொல்லின் ஐந்து வேடங்களாகவே மனத்திற் பதிந்துள்ளன. அச்சொல் 'வேண்டும்' என்பது. பாடநூல்கள் இவற்றை ஒரே அட்டவணையில் அடுக்கிவைக்கின்றன; அகராதிகள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்குகின்றன. தேர்வு எழுதுவதற்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஒருவர் மற்றொருவருக்குக் கட்டளையிடுவது, அறிவுரை கூறுவது, தடைவிதிப்பது, விலக்களிப்பது ஆகிய அன்றாடச் செயல்கள் யாவும் ஆங்கிலத்தில் இச்சிறு தொடர்கள் வழியாகவே நிகழ்கின்றன. ஆகவே இவற்றிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகள், யார் யாரை ஏவுகிறார் என்ற வினாவோடு பிணைந்தவை. அவ்வேறுபாடுகளை விளக்குவதும், அவற்றின் சமூக வரலாற்றைத் தொட்டுக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று குறிப்பிடும் வழக்கம் யாவரும் அறிந்ததே. சிங்களத்தில் இச்சொல் வாளைக் குறிக்கும். மொழியியலறிஞர் திரு கந்தையா 1984இல் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, ஆங்கிலம் இந்நாட்டில் அதிகாரத்தின் ஆயுதமாக இயங்குவதை ஆராய்ந்தார். அவ்வாளின் கூர்மை அருஞ்சொற்களில் மட்டும் தங்கியிருப்பதாக நாம் கருதுதல் கூடாது. மிகச் சிறிய துணைவினைகளிலும் அது தங்கியுள்ளது.

1. கட்டளையின் ஊற்று

எடுத்துக்காட்டொன்றைக் கொள்வோம். தொழிலாளி ஒருவர் முன் ஒரு தாள் வைக்கப்படுகிறது. அதில் அவர் கையொப்பமிட வேண்டும் என்று எதிரில் இருப்பவர் கூறுகிறார். ஆங்கிலத்தில் அவர் இதனைப் பல வகையாகக் கூறலாம்.

'யூ மஸ்ற் சைன்' என்று அவர் கூறுவாராயின், கடப்பாட்டின் ஊற்று பெரும்பாலும் பேசுபவரே. அவர் தமது அதிகாரத்தைத் தம் பெயரிலேயே முன்வைக்கிறார். 'யூ ஹாவ் ரு சைன்' என்பாராயின், ஊற்று அவருக்கு வெளியே சென்றுவிடுகிறது. சட்டம் அப்படி, நிறுவனத்தின் விதி அப்படி, நான் அதை அறிவிப்பவன் மட்டுமே என்பது அதன் தொனி. இவ்வேறுபாடு எல்லா இடங்களிலும் தவறாது பேணப்படும் விதியன்று. ஆயினும் போக்கு என்ற அளவில் இது உறுதியானது. தம்மைத் தாமே ஏவிக்கொள்ளும் இடத்திலும் இதனைக் காணலாம். 'நான் புகைப்பதை நிறுத்த வேண்டும்' என்பதை ஒருவர் 'மஸ்ற்' கொண்டு கூறின் அது அவரது சொந்த மனவுறுதி. 'ஹாவ் ரு' கொண்டு கூறின் வைத்தியர் பணித்திருக்கிறார் என்று கேட்பவர் ஊகிப்பர்.

'யூ ஷுட் சைன்' என்பது அறிவுரை. செய்யாதிருக்கும் வாய்ப்பை அது திறந்தே வைக்கிறது. 'ஓற் ரு' இதற்கு மிக நெருங்கியது. ஆனால் அறநெறியின் சாயல் சற்றுக் கூடியது, இன்று அருகிவருவது. 'யூ ஹாட் பெற்றர் சைன்' என்பதைப் பாடநூல்கள் 'செய்வது நல்லது' என்று மொழிபெயர்க்கும். அம்மொழிபெயர்ப்பு அதன் உள்ளிருக்கும் எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. செய்யாவிடின் விளைவு உண்டு என்பதே அதன் உட்பொருள். மேலிருப்பவர் கீழிருப்பவரிடம் கூறும்போது அது மிரட்டலுக்கு ஓரடி தூரத்திலேயே நிற்கும். ஆங்கிலம் கற்கும் மாணவர் இதனைப் பணிவான அறிவுரை என நினைத்துத் தம் ஆசிரியரிடமே கூறிவிடுவதுண்டு.

'யூ ஆர் சப்போஸ்ட் ரு சைன்' என்பது பிறிதொரு வகை. விதி இருக்கிறது என்பதை அது ஒப்புக்கொள்கிறது; ஆனால் அவ்விதி கடைப்பிடிக்கப்படுகிறது என்று உறுதி கூறுவதில்லை. பல வேளைகளில் மீறப்படுகிறது என்ற குறிப்பையே தருகிறது. 'யூ ஆர் ரு சைன்' என்பதோ பாளையத்திலும் பணிமனையிலும் கேட்கும் குரல். மேலிடத்தில் முடிவாயிற்று, உனது பங்கு நிறைவேற்றுவது மட்டுமே என்பது அதன் பொருள்.

ஹலிடே தமது செயற்பாட்டு இலக்கண நூலில் (1985) இவ்வகைத் தொடர்களை அகநிலை, புறநிலை என இரு முனைகளுக்கிடையே ஒழுங்குபடுத்தினார். பேசுபவர் தமது தீர்ப்பைத் தமது தீர்ப்பாகவே காட்டுவது ஒரு முனை. யாருடைய தீர்ப்பும் அன்று, உலகின் இயல்பே இதுதான் என்பது போலக் காட்டுவது மறுமுனை. அதிகாரம் இரண்டாவது முனையையே பெரிதும் விரும்புகிறது. 'நான் ஏவுகிறேன்' என்பதனை எதிர்த்து வினவலாம். 'விதி ஏவுகிறது' என்பதனை யாரிடம் சென்று வினவுவது?

2. மறுப்பு எதன்மேல்?

உடன்பாட்டு வாக்கியங்களில் 'மஸ்ற்', 'ஹாவ் ரு' இரண்டும் தம்முள் நெருங்கி நிற்கின்றன. எதிர்மறையாக்கியதும் அவை இரு துருவங்களாகப் பிரிந்துவிடுகின்றன. 'யூ மஸ்ற் நொற் சைன்' என்றால் கையொப்பமிடுவது தடுக்கப்பட்டுள்ளது. 'யூ டோன்ற் ஹாவ் ரு சைன்' என்றால் கையொப்பமிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். முன்னதில் மறுப்பு முதல் வினைமேல் விழுகிறது: இடாதிருத்தல் கடமை. பின்னதில் மறுப்பு கடப்பாட்டின்மேலேயே விழுகிறது: இடுதல் கடமையன்று. ஒன்று விலங்கு, மற்றது விடுதலை. 'நீட் நொற்' என்பதும் பின்னதன் பக்கமே சேரும்.

தமிழில் இவ்வேறுபாடு இல்லை என்று கூறுவது பிழை. 'கையொப்பமிடக் கூடாது' என்பது தடை. 'கையொப்பமிடத் தேவையில்லை', 'கையொப்பமிட வேண்டியதில்லை' என்பன விலக்கு. ஆனால் அன்றாட வழக்கில் நாம் மிகுதியாகக் கையாளும் 'கையொப்பமிட வேண்டாம்' என்ற தொடர் இரண்டுக்கும் இடையில் ஊசலாடுகிறது. அது சில வேளைகளில் மென்மையான தடை, சில வேளைகளில் விலக்கு. தொனியும் சூழலுமே அதனைத் தீர்மானிக்கின்றன. இவ்வூசலாட்டத்தோடு ஆங்கிலத்துக்குட் செல்பவர், விலக்களிக்க எண்ணித் தடைவிதித்துவிடுவார். அல்லது தனக்கு உரிமை தரும் வாசகத்தைத் தடையென வாசித்து அவ்வுரிமையை இழப்பார். இது தமிழர்க்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. ஜெர்மன் மொழியில் 'மஸ்ற்' என்பதற்கு இனமான வினையோடு மறுப்புச் சொல் சேரின் 'தேவையில்லை' என்ற பொருளே பிறக்கிறது. ஆதலால் ஜெர்மானியரும் இதே இடத்தில் தடுக்கி விழுகின்றனர்.

3. நிறைவேறியதா?

இறந்தகாலத்திற்குச் செல்லும்போது வேறுபாடுகள் மேலும் கூர்மையடைகின்றன. 'ஹீ ஹாட் ரு சைன்' என்றால் அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. பொதுவாக, அவர் கையொப்பமிட்டார் என்றே கொள்ளப்படும். 'ஹீ ஷுட் ஹாவ் சைன்ட்' என்றால் அவர் இடவில்லை, இடாதது தவறு. 'ஹீ மஸ்ற் ஹாவ் சைன்ட்' என்றாற் கடப்பாடே அங்கு இல்லை. அவர் இட்டிருப்பார் என்று சான்றுகளிலிருந்து பேசுபவர் முடிவு செய்கிறார். 'ஹீ நீட்ன்ற் ஹாவ் சைன்ட்' என்றால் அவர் இட்டார், ஆனால் அது தேவையற்றதாகிவிட்டது. 'ஹீ டிட்ன்ற் நீட் ரு சைன்' என்றால் தேவை இருக்கவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. இட்டாரா இல்லையா என்பது திறந்த வினா.

இவற்றுள் இரண்டைத் தமிழிற் பெயர்த்துப் பார்ப்போம். 'அவர் கையொப்பமிட்டிருக்க வேண்டும்.' இவ்வொரு தமிழ் வாக்கியம், 'இட்டிருப்பார் என்றே தோன்றுகிறது' என்ற ஊகத்தையும் தரும். 'இடாமல் விட்டது பிழை' என்ற குறைகூறலையும் தரும். முன்னதில் கையொப்பம் உண்டு; பின்னதில் இல்லை. சாட்சியொருவரின் கூற்று மொழிபெயர்க்கப்படும் இடத்தில் இவ்விரு பொருளும் மயங்குமாயின், ஒரு மனிதரின் வாழ்வே திசைமாறக்கூடும். சூழலை நோக்கி, 'இட்டிருப்பார்' என்றோ 'இட்டிருக்க வேண்டியவர், இடவில்லை' என்றோ பிரித்தெழுதுவது மொழிபெயர்ப்பாளரின் தலையாய பொறுப்பாகும்.

4. கடனும் கடமையும்

இத்தொடர்களின் சொற்பிறப்பை நோக்குமிடத்துச் சுவையான உண்மைகள் புலனாகின்றன. 'ஷால்' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'கடன்பட்டிருத்தல்' என்று பொருள்பட்டது. அதற்கு இனமான 'ஷுல்ட்' என்ற ஜெர்மன் பெயர்ச்சொல் இன்றும் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கிறது. 'ஓற்' என்பது 'கடன்பட்டிரு' என்ற பொருள்தரும் 'ஓ' என்ற வினையின் இறந்தகால வடிவம். அவ்வினையின் பழைய பொருளோ 'உடைமையாகக் கொண்டிருத்தல்'. உடைமையைக் குறிக்கும் 'ஓன்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. 'ஹாவ் ரு' என்பதன் முதற்கூறும் உடைமை வினைதான். 'மஸ்ற்' மட்டும் வேறு வழியில் வந்தது. அனுமதியைக் குறித்த பழைய வினையொன்றின் இறந்தகால வடிவமாகிய அது, படிப்படியாகக் கட்டாயத்தைக் குறிக்கலாயிற்று.

தமிழிலும் 'கடன்' என்பது திருப்பிச் செலுத்தவேண்டிய பொருளையும் செய்தேயாகவேண்டிய செயலையும் குறிக்கிறது. இன்று நாம் உயரிய அறச்சொல்லாகக் கருதும் 'கடமை' என்பது சோழர்காலக் கல்வெட்டுகளில் நிலவரியொன்றின் பெயராக வழங்கியது. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிச் சமூகங்களில், ஒருவர் மற்றொருவர்க்குப் பொருள்வகையிற் பட்டிருந்த பிணைப்பைக் குறித்த சொற்களே அறப்பிணைப்பையும் குறிக்கலாயின. ஆனால் 'வேண்டும்' என்பதன் வேர் விருப்பத்திலும் இரத்தலிலும் உள்ளது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பொருளாதார அடித்தளம் இலக்கணத்தை நேரடியாக வார்க்கிறது என்று இவ்வுண்மைகளிலிருந்து முடிவுகட்டுவது கொச்சை மார்க்சியமாகும். மொழி மேற்கட்டுமானத்தின் ஒரு பகுதியன்று என்று 1950இல் ஸ்ராலின், மாரின் கொள்கையை மறுத்து எழுதியது இவ்வகையிற் பொருத்தமானதே. எனினும் அவ்விவாதம் மொழியை வர்க்கங்களுக்குப் பொதுவான ஒரு கருவியாக நிறுத்தியதோடு நின்றுவிட்டது. 1929இல் வொலஷினோவ் முன்வைத்த கருத்து நமக்கு மேலும் பயன்படும். வெவ்வேறு வர்க்கங்கள் ஒரே மொழியையே பயன்படுத்துகின்றன. அதனாலேயே ஒவ்வொரு குறியிலும் மாறுபட்ட நலன்கள் மோதுகின்றன என்பது அவர் நிலைப்பாடு.

'ஷால்', 'வில்' பற்றிய விதியின் கதை இதற்குத் தக்க சான்று. ஒக்ஸ்போர்ட் கணிதப் பேராசிரியர் ஜோன் வொலிஸ் 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இவ்விதியை வகுத்தார். தன்மையில் 'ஷால்' முன்னறிவிப்பு, 'வில்' உறுதிமொழி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இவை தலைகீழாகும். பின்வந்த பள்ளி இலக்கணங்கள் இதனை வேதவாக்காக்கின. ஸ்கொத்லாந்தியரும் அயர்லாந்தியரும் இதனைப் பின்பற்றவில்லை. நீரில் மூழ்கும் அயர்லாந்தியன் இவ்விரு சொற்களையும் இடம்மாற்றிக் கூவியதால், தன்னைக் காப்பாற்ற வேண்டாமென்று அவன் சொல்வதாகக் கரையில் நின்றவர்கள் கொண்டனர் என்றொரு நகைச்சுவைக் கதை தலைமுறைகளாக வழங்கிற்று. ஆளப்படும் இனத்தவன் சாகும்போதுகூட இலக்கணப் பிழை செய்கிறான் என்பதே அக்கதையின் நகை. இன்று அந்த விதியை இங்கிலாந்திலும் அன்றாடப் பேச்சில் எவரும் பொருட்படுத்துவதில்லை.

5. மறையும் 'மஸ்ற்'

பிரித்தானியாவில் 1961இலும் 1991இலும் அச்சான எழுத்துக்களிலிருந்து தலா பத்து இலட்சம் சொற்கள் கொண்ட இரு தொகுப்புகள் உருவாக்கப்பட்டன. அவற்றை ஒப்பிட்டு ஜெஃப்ரி லீச் 2003இல் வெளியிட்ட முடிவுகள் கவனத்திற்குரியன. அம்முப்பது ஆண்டுகளில் 'மஸ்ற்' ஏறத்தாழ 29 வீதம் குறைந்தது. 'ஷால்', 'ஓற் ரு' ஆகியன ஒவ்வொன்றும் ஏறத்தாழ 44 வீதம் குறைந்தன. அதே காலத்தில் 'நீட் ரு' மும்மடங்குக்கும் மேலாகப் பெருகியது.

இதற்கு ஒரு விளக்கம், சமூக உறவுகள் சனநாயகப்பட்டுள்ளன என்பது. வெளிப்படையாக ஏவுவதை மக்கள் இன்று விரும்புவதில்லை. இதில் உண்மை உண்டு. முகத்துக்கு நேரே ஏவப்படுவதைப் பொறுக்காத உழைக்கும் மக்களின் நிமிர்வு மொழியிற் பதிந்த தடமாக இதனைக் கொள்வதில் தவறில்லை. ஆனால் அம்மட்டில் நின்றுவிடலாகாது. நோர்மன் ஃபேர்க்ளவ் 1992இல் சுட்டிக்காட்டியதுபோல, அதிகாரத்தின் வெளிப்படையான அடையாளங்கள் நீங்குவதும் அதிகாரம் நீங்குவதும் ஒன்றல்ல. சில வேளைகளில் அது மறைவிடம் தேடிக்கொள்கிறது.

'யூ நீட் ரு சைன்' என்ற வாக்கியத்தை இவ்வொளியில் மீண்டும் நோக்குவோம். 'நீட்' என்றால் தேவை. யாருடைய தேவை? வாக்கியத்தின் எழுவாய் தொழிலாளி. இலக்கணப்படி தேவை அவருடையது. உண்மையிற் கையொப்பம் தேவைப்படுவது தாளை நீட்டியவர்க்கு. ஏவுபவர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார். 'மஸ்ற்' என்பதன் பின்னே நின்ற முதலாளியும் 'ஹாவ் ரு' என்பதன் பின்னே நின்ற விதிநூலும் இங்கில்லை. தொழிலாளி தன் தேவைக்குத் தானே கையொப்பமிடுகிறார். 'குட் யூ சைன்' என்று வினா வடிவில் மேலாளர் கேட்பதும் இத்தகையதே. வடிவத்தில் அது ஆற்றல் பற்றிய வினா; பயனில் அது கட்டளை. 'முடியாது' என்ற விடையை அவ்வினா எதிர்பார்ப்பதில்லை. உழைப்புச் சக்தியை விற்பதற்குத் தொழிலாளி கொண்டுள்ள 'சுதந்திரம்' பற்றி மார்க்ஸ் எள்ளலோடு எழுதியமை இங்கு நினைவுக்கு வருகிறது.

6. 'ஷால்', 'மே': நமது அனுபவம்

அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவரும் 'ஷால்' சட்டமொழியில் நெடுங்காலம் கோலோச்சியது. அங்கு அது எதிர்காலத்தைக் குறிப்பதில்லை. கடமையை விதிக்கிறது அல்லது ஒரு நிலையைப் பிரகடனம் செய்கிறது. அதற்கு எதிர்நிற்பது 'மே'. இச்சொல் அதிகாரிக்கு ஆற்றலை வழங்குகிறது. ஆனால் அதனைப் பயன்படுத்துமாறு பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. தமிழில் முன்னது 'வேண்டும்' அல்லது 'ஆகும்'. பின்னது 'லாம்' என்ற விகுதி. இவ்வொரு விகுதியின் கனத்தை நமது வரலாறு நன்கு அறியும்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரேயொரு அரசகரும மொழியாக்கியது. அதன் ஆங்கில வாசகத்தின் வினை 'ஷால்'. 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம், வடக்கு கிழக்கு மாகாணங்களில், ஒழுங்குவிதிகளால் வகுக்கப்படும் நிர்வாக அலுவல்களுக்குத் தமிழ் பயன்படுத்தப்படலாம் என்றது. அங்குள்ள வினை 'மே'. முன்னது நிலையை நிறுவியது. பின்னது வாய்ப்பைக் குறித்தது. அவ்வாய்ப்புக்கு உருக்கொடுக்கவேண்டிய ஒழுங்குவிதிகள் 1966 சனவரியிலேயே நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றன. 'லாம்' என்ற விகுதிக்குள் ஏழாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் மக்கள் காத்திருந்தனர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து நின்ற இடதுசாரிக் கட்சிகள் 1966இல் அவ்வொழுங்குவிதிகளை எதிர்த்தவர்களோடு சேர்ந்து நின்றன என்பதையும் மார்க்சியராகிய நாம் மறைக்கலாகாது.

1987இன் 13ஆவது திருத்தம், அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்பதைச் சேர்த்தது. இம்முறை வினை 'ஷால்'. 'மே' என்பதிலிருந்து 'ஷால்' என்பதற்கு வந்துசேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. ஆயினும் நிலையைப் பிரகடனம் செய்யும் 'ஷால்' தானாகவே அலுவலகங்களை நிரப்புவதில்லை. கருமபீடத்தில் யார் அமர்ந்திருக்கிறார், எந்த மொழியிற் படிவம் நீட்டப்படுகிறது என்பனவே அவ்வினைக்கு உயிர்கொடுக்கின்றன. 'ஷால்' என்பதன் இம்மயக்கத்தாலேயே, இன்று ஆங்கிலநாடுகளின் சட்டவரைஞர் பலர் அதனைத் தவிர்க்கின்றனர். அமெரிக்கக் கூட்டாட்சிச் சிவில் நடைமுறை விதிகள் 2007இல் திருத்தியெழுதப்பட்டபோது 'ஷால்' நீக்கப்பட்டு, கடமையை விதிக்கும் இடங்களில் 'மஸ்ற்' வைக்கப்பட்டது. பேச்சில் நலிந்துவரும் சொல் சட்டத்தில் மீண்டும் இடம்பிடிப்பது வியப்பன்று. கடமை யாருடையது என்பது தெளிவாகத் தெரியவேண்டிய இடத்தில் வெளிப்படையான சொல்லே பயன்தரும்.

7. முடிவாக

இத்தொடர்களைக் கற்பிக்கும்போது ஐந்து சொற்களுக்கும் ஒரே பொருளை மனனஞ்செய்விப்பதை விடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திடமும் மூன்று வினாக்களை எழுப்ப மாணவரைப் பழக்கலாம். கடப்பாட்டின் ஊற்று யார்? மறுப்பு இருப்பின் அது செயலைத் தடுக்கிறதா, கடப்பாட்டை நீக்குகிறதா? சொல்லப்படும் செயல் நிறைவேறியதா, ஊகிக்கப்படுகிறதா, தவறவிடப்பட்டதா? இம்மூன்றும் இலக்கண வினாக்களே. ஆனால் முதல் வினாவுக்கு விடைதேடத் தொடங்கும் மாணவர் வாக்கியத்தின் எல்லையைக் கடந்து செல்லாமல் இருக்க முடியாது.

ஆங்கிலத்தைப் புறக்கணிப்பது உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு வழியாகாது. அவ்வாள் அப்போதும் பிறர் கையிலேயே இருக்கும். அதனை வழிபடுவதும் வழியாகாது. தன்முன் நீட்டப்படும் தாளில் 'மே' உள்ளதா 'ஷால்' உள்ளதா, 'மஸ்ற் நொற்' உள்ளதா 'நீட் நொற்' உள்ளதா என்று வாசித்தறிந்த பின்னரே பேனாவை எடுக்கும் ஒருவரை உருவாக்குவது, மொழிக் கல்வி ஆற்றக்கூடிய சிறிய, ஆனால் உறுதியான பணியாகும்.